கூரை ஒழுகினால் ஓடுகளைக் குறை சொல்லாதீர்கள்

வீடும் கூரையும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்களுடையது 28 ஆண்டுப் பழைய இரட்டை மாடி வரிசை வீடு. சிமெண்டு ஓடு. சாதாரண மழைக்கு ஒன்றும் ஆவதில்லை. சாயங்காலம் காற்றோடு அடித்துப் பெய்தால் மட்டும் மாடி அறை சிலிங்கில் கறை விழுகிறது. பார்க்க வந்த காண்டிராக்டர் கூரை முழுவதையும் மாற்றச் சொல்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, செந்தூல்

பதில்: அவசரப்படாதீர்கள். விடிய விடிய நின்று பெய்யும் மழைக்கு ஒழுகாமல், காற்று மழைக்கு மட்டும் ஒழுகுகிறது என்றால், பெரும்பாலும் ஓடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. தண்ணீர் மேலிருந்து இறங்கவில்லை. காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளி, இணைப்புகள் வழியாக உள்ளே நுழைக்கிறது.

முதலில் பார்க்க வேண்டிய இடம் முகடு. முகட்டு ஓடுகளுக்கு அடியில் பூசிய சிமெண்டுச் சாந்து நம் ஊர் வெயிலில் நீண்ட நாள் தாங்காது. மூன்று மணி வரை கொதித்துக் கிடக்கும் கூரையில் நான்கு மணிக்கு மழை கொட்டுகிறது. சூடேறி விரிந்த ஓடு சட்டென்று சுருங்க, சாந்தில் முடி போல விரிசல் விழும். அடுத்த இடம், பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவே கூரைக்கு மேல் எழும் பொதுச் சுவர். அங்கே பிளாஷிங் தகடு (சுவரும் கூரையும் சேரும் இடுக்கை மூடும் தகடு) பெயர்ந்திருக்கும், அல்லது தகடே வைக்காமல் சாந்தை மட்டும் பூசிவிட்டிருப்பார்கள். மூன்றாவது, இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்துத் தகடு. அதில் மைனாக் கூடும் இலையும் அடைத்திருந்தால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஓட்டுக்கு அடியில் போய்விடும்.

கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை தேடுவது வீண். உள்ளே வந்த தண்ணீர் ஓட்டுக்கு அடியில் விரித்த அலுமினியத் தாளின் மீதோ மரச் சட்டத்தின் மீதோ வழிந்து, ஓர் ஆணியையோ கிழிசலையோ கண்ட இடத்தில்தான் சொட்டும். நுழைந்த இடம் கறைக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

மழையில்லாத நாளில் ஒருவர் டார்ச்சோடு சிலிங்குக்கு மேலே இருக்க, இன்னொருவர் கூரையில் ரப்பர் குழாயால் தண்ணீர் விடட்டும். கீழ் விளிம்பில் தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் 10 முதல் 15 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எங்கே நுழைந்தது என்று சொல்ல முடியாது. இந்தச் சோதனையைச் செய்யாமலே மொத்தமாக மாற்றச் சொல்பவரிடம் கொஞ்சம் ஒதுங்கியே இருங்கள்.

முகடுதான் காரணம் என்றால், பழைய சாந்தை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு முகட்டு ஓடுகளைப் புதிதாகப் பதிக்கச் சொல்லுங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். அதன் வெளிமுகத்தில், ஓட்டோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் பூச்சு. பழைய சாந்தின் மேலேயே புதியதை அப்பினால் அடுத்த மழைக்காலத்துக்குள் உரிந்துவிடும். கூரை முழுவதும் அடிக்கும் 'வாட்டர்புரூஃப்' பெயிண்டால் பயனில்லை. அது ஓடுகளின் நிறத்தை மாற்றும், இணைப்பை மூடாது.

உடைந்த ஓடுகளையும் எண்ணிப் பாருங்கள். டிவி டிஷ் பொருத்தவோ ஏர்கோன் குழாய் இழுக்கவோ ஏறியவர்கள் நடுவில் மிதித்திருப்பார்கள். கீழ் ஓட்டின் மேல் படிந்து நிற்கும் அடிப்பகுதியில் கால் வைத்தால்தான் ஓடு தாங்கும். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 ஓடு. 20 அடி அகல வீட்டில், 6 மீட்டர் நீளச் சரிவு ஒன்றுக்கு 370 ஓடுகள் வரும். அதில் பத்து உடைந்ததற்காக 370-ஐயும் கழற்ற வேண்டாம். ஆனால் அதே அச்சில் ஓடு இப்போது கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அச்சு மாறியிருந்தால் பள்ளமும் மேடும் பொருந்தாது. கிடைத்தால் இருபது ஓடு கூடுதலாக வாங்கிப் பின்கட்டில் அடுக்கி வையுங்கள்.

கேள்வி: மாடி அறையில் இரவு பத்து மணிக்கும் அனல் அடங்குவதில்லை. சிலர் அலுமினியத் தாள் போதும் என்கிறார்கள், சிலர் ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) என்கிறார்கள், சிலர் கூரை மேல் சுழலும் காற்றாடி. எதைச் செய்வது?
- வாசகர், பழைய கிள்ளான் சாலை

பதில்: வரிசை வீட்டுக்கு இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். வெயில் உள்ளே வர முக்கிய வழி கூரைதான். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 டிகிரியில் இருப்பதால் ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேதான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சிமெண்டு ஓடு அதை இரவில் மெல்லக் கீழே விடுகிறது. உங்கள் பத்து மணி அனல் அதுதான்.

அலுமினியத் தாள் வேலை செய்ய அதன் பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும், குறைந்தது 25 மில்லிமீட்டர். ஓட்டுக்கு அடியில் பளபளப்பு கீழ்நோக்கி இருந்தால் தூசி படியாது. சிலிங் மேல் விரித்துப் போட்டால் தூசி மூடி, அது வெறும் தாளாகிவிடும். ராக்வூலை மட்டும் சிலிங் மேல் விரிக்கலாம், 50 மில்லிமீட்டர் தடிப்புக்குக் குறையாமல். ஏற்கனவே ஓட்டின் கீழ் தாள் கிழியாமல் இருந்தால், ராக்வூலைச் சேர்ப்பதுதான் காசுக்கு ஏற்ற பலன் தரும். மலேசியாவின் எம்எஸ் 1525 தரநிலை (குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கான ஆற்றல் சிக்கனத் தரநிலை, ஒப்பிட்டுப் பார்க்க உதவும்) கூரை வழியே வெப்பம் கடத்தப்படும் அளவுக்கு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கில், சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறைந்த கூரைக்கு 0.4, அதற்கு மேற்பட்டதற்கு 0.6. வெறும் தாள் அந்த வரம்புக்குள் வராது.

சிலிங்கில் பதித்த டவுன்லைட் விளக்குகளின் மேல் ராக்வூலை மூட வேண்டாம். சூடு வெளியேற வழியில்லாமல் விளக்கு கருகும், தீ அபாயமும் உண்டு. சுற்றிலும் இடம் விட்டு வெட்டுங்கள். விரிக்கும்போது முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை.

சுழலும் காற்றாடி தனியாக எதையும் சாதிக்காது. கூரையின் கீழ் விளிம்பில் காற்று நுழையத் துளை இல்லையென்றால், டவுன்லைட் இடுக்கு வழியாக உங்கள் ஏர்கோன் குளிரைத்தான் அது உறிஞ்சி வெளியே தள்ளும்.

கேள்வி: பின்கட்டுச் சமையலறையை 3 மீட்டர் நீட்டி மெட்டல் டெக் (இரும்புத் தகட்டுக் கூரை) போட்டோம். பெருமழையில் கட்டர் (கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் வாய்க்கால்) நிரம்பி உள்ளே வழிகிறது. பக்கத்து வீட்டுச் சுவர் ஓரமும் ஈரம்.
- வாசகர், செராஸ்

பதில்: கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பழைய பின்சரிவு 6.1 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 37 சதுர மீட்டர். மணிக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழைக்கு நிமிடத்துக்கு 90 லிட்டருக்கு மேல், அதாவது பத்து லிட்டர் வாளியில் ஒன்பது வாளி. நீட்டிய பகுதி இன்னும் 18 சதுர மீட்டர். இப்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 14 வாளி. குழாய் மட்டும் பழையதே.

கட்டரின் சரிவை அளந்து பாருங்கள். 200-க்கு 1 இருந்தாக வேண்டும், 6 மீட்டர் நீளத்துக்கு 30 மில்லிமீட்டர். தண்ணீர் இறங்கும் வாயைப் பெரிதாக்கி 100 மில்லிமீட்டர் குழாய் போடுங்கள், முடிந்தால் மறுமுனையிலும் ஒன்று. கட்டரின் வெளிப்புறத்தில், உள் விளிம்பைவிடத் தாழ்வாக ஒரு வழிந்தோடும் துளை. அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியே விழும், சமையலறைக்குள் அல்ல. தகடு சுவரைத் தொடும் இடத்தில் பிளாஷிங் 150 மில்லிமீட்டர் மேலேறி, மேல் விளிம்பு சுவரில் வெட்டிய பள்ளத்துக்குள் செருகியிருக்க வேண்டும். மேலே சிலிக்கோன் மட்டும் தடவியிருந்தால் இரண்டு மூன்று ஆண்டில் வாயைத் திறந்துவிடும்.

ஸ்க்ரூக்களையும் விடாதீர்கள். அடியில் உள்ள ரப்பர் வாஷர் அதிகமாக முறுக்கினால் பிதுங்கிப் பிளக்கும், தளர்வாக இருந்தால் தண்ணீர் விடும். மெட்டல் டெக் வாங்கும்போது தடிப்பு 0.47 மில்லிமீட்டர் என்றால் பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பா என்று கேளுங்கள். பூச்சோடு 0.47 என்றால் உள்ளே இரும்பு 0.42-தான். விலை பேசுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

இன்னொன்று: வீட்டை நீட்டுவதற்கு 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி திட்ட வரைபட அனுமதி தேவை. தலைநகரில் அதைத் தருவது டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகர மன்றம். உங்கள் கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டில் விழுந்து அவர் புகார் கொடுத்தால், முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

கேள்வி: ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு. களிமண் ஓடுகளை எடுத்துவிட்டுத் தகரம் போடலாமா?
- வாசகர், பினாங்கு

பதில்: 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மரபுப் பகுதிக்குள் வீடு இருந்தால், எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகர மன்றம்) அனுமதி இல்லாமல் ஓட்டின் வகையை மாற்றக்கூடாது. தகரமும் உங்களுக்கு நல்லதல்ல. கடற்காற்று உப்பு, ஸ்க்ரூத் துளையிலும் வெட்டிய விளிம்பிலும் துருவைத் தொடங்கிவிடும். பழைய ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, விரலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல். நல்லதை எதிர்ச் சரிவிலோ பின்புறத்திலோ மீண்டும் அடுக்கி, புதியதைச் சாலைப்பக்கம் ஒரே சீராகப் போடலாம். அதற்குள் குறுக்குச் சட்டங்களில் கரையான் இருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கும் சட்டத்தை மாற்றுங்கள்.

பின்புறச் சாய்ப்பில் சாம்பல் நிற அலை அட்டை இருந்தால் அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அட்டையாக இருக்கலாம். துளையிடாதீர்கள், உடைக்காதீர்கள், பிரஷால் தேய்த்துக் கழுவாதீர்கள். கல்நார் கழிவு, சட்டத்தின் அட்டவணையில் தனியாகக் குறிப்பிட்ட அபாயக் கழிவு வகை, அதன் குறியீடு எஸ்டபிள்யூ 201. குப்பை லாரியில் போடும் பொருள் அல்ல.

கேள்வி: சோலார் பொருத்தினால் ஒழுகுமா?
- வாசகி, காஜாங்

பதில்: ஓட்டில் துளைபோட்டு சிலிக்கோன் அப்பினால் ஒழுகும். கொக்கி ஓட்டுக்கு அடியில் உள்ள சட்டத்தில் பதிந்து, கீழ் ஓட்டைத் தொடாமல் வெளியே வர வேண்டும். அதற்காக மேல் ஓட்டின் அடிப்புறத்தில் சிறிய பள்ளம் தேய்த்துக்கொள்வார்கள். முகட்டுச் சாந்து பழையதாக இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பலகை ஏறிய பிறகு அந்த இடத்துக்குக் கை எட்டாது.