டயாலிசிஸ் இலவசம், கடன் மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: கூலி விவசாயியான என் தந்தைக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் மூலம் தொலைவிலுள்ள நகரத்தில் டயாலிசிஸ் செய்து வருகிறோம். சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை என்றாலும் மாதாமாதம் கடன் கூடிக்கொண்டே போகிறது. வாரம் மூன்று முறை செல்வதை இரண்டாகக் குறைத்துக்கொள்ளலாமா?
- வாசகர் ஒருவர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: மருத்துவரைக் கேட்காமல் ஒரு முறையைக்கூடக் குறைக்காதீர்கள். இடைவெளி நீண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். தேங்கும் நீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

கடன் ஏறுவதற்குக் காரணம் உண்டு. இயந்திரத்தோடு இணைந்திருக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரச் சிகிச்சைக்கான கட்டணத்தைத்தான் காப்பீடு ஏற்கிறது. வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை இருவர் போய்வரும் பேருந்துக் கட்டணமும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும், வெளிக்கடையில் வாங்க நேரும் ஊசி மருந்துகளின் விலையும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. 2016-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டமும் மாவட்ட மருத்துவமனைகளையே மையமாகக் கொண்டு தொடங்கியது. மாவட்டத் தலைநகரம் வரை வந்து சேர முடியாத ஏழைக்கு அதனால் கிடைக்கும் பயன் குறைவு என்பது என் கருத்து.

தாய்லாந்து இதை வேறு வழியில் அணுகியது. 2008-இல் அந்நாட்டின் பொதுச் சுகாதாரக் காப்பீடு, வயிற்றுக்குள் குழாய் வழியே திரவத்தைச் செலுத்தி, அது கழிவை ஈர்த்துக்கொண்டதும் வெளியேற்றி, வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸுக்கு முதலிடம் தந்து, அதற்கான திரவப் பைகளை நோயாளியின் வீட்டுக்கே அனுப்பியது. விரும்பிய முறையை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று 2022-இல் விதி தளர்த்தப்பட்டதும், இயந்திர டயாலிசிஸுக்கு மாறியவர்கள் பெருகி அரசின் செலவும் ஏறியது.

வயிற்றுவழி டயாலிசிஸ் நம்மிடமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகள் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. வழக்கமாக நாளொன்றுக்கு நான்கு முறை பையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, தூசியில்லாத இடத்தில் செய்யாவிட்டால் வயிற்றின் உட்புறச் சவ்வில் தொற்று ஏற்படும். ஓர் ஓரத்தையாவது சுத்தமாக ஒதுக்க முடியாத வீட்டுக்கும், முன்பு பெரிய வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது ஒத்துவராமல் போகலாம்.

ஆகவே அடுத்த முறை செல்லும்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவில், தந்தைக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் பொருந்துமா என்றும், வெளியே வாங்கும் ஊசிகளை மருத்துவமனையிலேயே பெற முடியுமா என்றும் கேளுங்கள். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கும் காப்பீட்டில் இடமுண்டு என்பதால், நிலத்தையோ நகையையோ அடகு வைக்குமுன் அதையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள்.