பிரா அளவைச் சரியாக எடுப்பது எப்படி?

தோள்வார் நழுவுகிறதா, முதுகுப் பட்டை மேலேறுகிறதா? பெரும்பாலும் சுற்றுப்பட்டை தளர்வாக இருப்பதே காரணம்.

மூச்சை வெளியே விட்டபின், மார்பகத்துக்குச் சற்றுக் கீழே தையல் நாடாவைக் கிடைமட்டமாகச் சுற்றி இறுக்கிப் பிடியுங்கள். வரும் அங்குலமே பட்டை அளவு. ஒற்றைப்படை வந்தால் அடுத்த இரட்டைப்படை. சில பழைய அட்டவணைகள் இதனுடன் 4 அங்குலம் கூட்டச் சொல்லும். தயவுசெய்து கூட்டாதீர்கள்! மார்பைத் தாங்குவதில் பெரும்பங்கு பட்டையுடையது, தோள்வாருடையது அன்று.

பிறகு மார்பின் முழுச் சுற்றளவை இறுக்காமல் அளந்து, பட்டை அளவைக் கழியுங்கள். வேறுபாடு 1 அங்குலமென்றால் ஏ கப், 2 என்றால் பி, 3 என்றால் சி. நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும் என்பதால் அணிந்து பார்ப்பது அவசியம். எலாஸ்டிக் நாளடைவில் தளரும். எனவே புதியது மிகத் தளர்வான கொக்கியிலேயே கச்சிதமாக நிற்க வேண்டும். கப் பொருந்தி, பட்டை மட்டும் இறுக்கினால் 34சிக்குப் பதில் 36பி எடுங்கள்; பட்டை ஓர் அளவு கூடும்போது எழுத்து ஒன்று குறைந்தால்தான் கப்பின் கொள்ளளவு மாறாது.