ஓசூர் வேலையா, சிட்லிங்கி சேவையா?

ஐயா, போன சனிக்கிழமை பென்னாகரத்திலிருந்து உங்கள் மகனை, நம் தம்பியை, அழைத்துக்கொண்டு வந்தீர்கள். ஓசூர் வேலையை விட்டு, அரூர்ப் பக்கத்து மலைக் கிராமமான சிட்லிங்கிக்குச் சேவை செய்யப் போக வேண்டும் என்கிறான் அவன். கிளம்பும்போது வாசலில் நின்று, "இவன் சேவைக்குப் போயிட்டா பேங்க் கடனை யார் சார் கட்டுறது?" என்று கேட்டீர்கள். அதை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

தம்பி என்னிடம் ஒரு தாள் கொடுத்தான். ஓசூர் கம்பெனிச் சம்பளம் 22,000. அறை, சாப்பாடு 9,000. கல்விக் கடன் தவணை 5,500. வீட்டுக்கு 4,000. மிச்சம் 3,500. அதற்கு நேரே 'சிட்லிங்கி' என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தான். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று நீங்கள் சொன்னதை அவனும் ஏற்றுக்கொண்டு போட்ட கணக்கு இது. இப்படிப் பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள், பயப்படாதீர்கள்.

ஆனால் பணம் கொடுப்பது மட்டம், நேரில் போய் உழைப்பதுதான் உயர்வு என்று அவன் நினைக்கிறான். அது சரியில்லை. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய ஓர் அமைப்பில் சேருகிறவர்கள், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஆயுள் முழுக்கக் கொடுப்பதாக உறுதி எடுக்கிறார்கள். அதுவும் சேவைதான்.

நேரில் ஆள் போயே ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. 1993இல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி சிட்லிங்கியில் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மலைப் பெண்களுக்கே நர்ஸ் வேலை கற்றுக்கொடுத்தார்கள். வெறும் பணம் அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. கிருஷ்ணகிரிப் பக்கம் மகளிர் குழுக்களைக் கட்டி எழுப்பி, 2012இல் மகசேசே விருது பெற்ற குழந்தை பிரான்சிஸ் என்பவர் செய்ததும் அப்படித்தான்.

தம்பி படித்தது மெக்கானிக்கல். மலையில் டியூஷன் எடுக்கப் போகிறேன் என்கிறான். அங்கேயே டிகிரி முடித்த ஒரு பெண் அதை இவனைவிட நன்றாகச் செய்வாள், பிள்ளைகளின் பேச்சும் அவளுக்குப் புரியும். இவன் அனுப்பும் பணம் அவள் சம்பளத்துக்கு உதவும். நம் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். மோட்டார், வடிகட்டும் இயந்திரம் ரிப்பேரானால் பார்க்க ஆள் வேண்டும். அங்கே இவன் படிப்புக்கு வேலை இருக்கிறது. ஆனால் இன்றைக்கு இவனுக்கு ஒரு பம்பைக் கழற்றி மாட்டத் தெரியாது. நானே கேட்டுப் பார்த்தேன்.

அதனால் ஓசூரில் சேரட்டும். இரண்டு வருஷம் கை பழகட்டும். முதல் சம்பளத்திலிருந்தே மாதம் 1,000 கொடுக்கட்டும், மீதியைச் சேர்த்து வைக்கட்டும். இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது, நன்கொடைக்கு வரிச் சலுகை கேட்கக் கொடுக்கும் 80ஜி ரசீது பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஒன்று மட்டும், தவணையில் பைக் எடுக்க விடாதீர்கள். என்னிடம் வந்த எத்தனையோ பிள்ளைகளின் ஆசை அந்த இ.எம்.ஐ.யில்தான் கரைந்தது.

இரண்டு வருஷம் கழித்து, போகிறேன் என்று அவன் மறுபடி கேட்டால், அப்போது தடுக்காதீர்கள் ஐயா. வேலையில் சேருவதற்கு முன்னால் ஒரு நாள் அவனைச் சிட்லிங்கிக்கு அழைத்துப் போங்கள். அரூரிலிருந்து பஸ் இருக்கிறது. நீங்களும் கூட இருந்து பாருங்கள்.