அமெரிக்கக் கல்லூரியில் பெண்கள் சாக்கர் ஹெட் கோச்: இது ஒரு வேலையா, சோறு போடுமா?

நீங்கள் கேட்டது இது: அக்கா மகள் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், கல்லூரி அணியில் சாக்கர் (நம்ம ஊர்க் கால்பந்து) ஆடுகிறாள். படிப்பு முடிந்ததும் கோச்சிங்கில் இறங்கப் போகிறேன், ஒருநாள் ஏதாவது கல்லூரிக்கு ஹெட் கோச் ஆவேன் என்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் தலைகால் புரியவில்லை. இதை நம்பி விடலாமா?

வேலைதான். பல்கலைக்கழகச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உள்ள முழுநேர வேலை. ஆனால் அவள் மனதில் இருக்கும் வேலை வேறு, கையில் வரப்போகும் வேலை வேறு என்பது என் எண்ணம். விசிலோடு மைதானத்தில் நிற்பது இதில் சின்னப் பங்குதான். மீதியெல்லாம் ஆள் தேடுவது, தேடிய ஆளைத் தக்கவைத்துக்கொள்வது. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நான் வட கரோலினாவில் கேரி என்ற ஊரில் இருக்கிறேன், என் மகள் ஒரு சின்னக் கல்லூரியில் துணை கோச். ஒரு அப்பா ஓரமாக நின்று பார்த்தது அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதற்கு மேல் இல்லை.

முதலில் இத்தனை வேலைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். 1972ல் டைட்டில் நைன் என்று ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் எதுவும் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்பது சாரம். சட்ட வாசகத்தில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஆனால் அடி விழுந்தது விளையாட்டுத் துறைக்குத்தான். அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றுக்கே 85 ஸ்காலர்ஷிப் கொடுத்துக்கொண்டிருந்த பெரிய பல்கலைக்கழகங்கள், பெண்கள் பக்கம் அதற்கு ஈடு காட்ட வேண்டியிருந்தது. கூடைப்பந்தில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் எடுக்க முடியாது. சாக்கர் என்றால் இருபத்தைந்து, முப்பது பேர் வரை சேர்க்கலாம், ஒரு புல்வெளியும் இரண்டு கோல் கம்பமும் போதும். அதனால்தான் இன்று முதல் டிவிஷனில், அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்தட்டுப் பிரிவில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன, ஆண்கள் அணிகளைவிட அதிகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெட் கோச், இரண்டு மூன்று துணை கோச்சுகள். கீழே இரண்டாம், மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளையும் சேர்த்தால் இது ஒரு தனித் தொழில்துறை.

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஆன்சன் டோரன்ஸ். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் உள்ள சாப்பல் ஹில், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். பிறந்தது 1951ல், பம்பாயில்! (நம்மவர்களின் வாட்ஸப் குழுக்கள் இதை இன்னும் எப்படி விட்டுவைத்திருக்கின்றன என்று தெரியவில்லை.) அப்பாவுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலை, அதனால் கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர் என்று ஊர் ஊராக வளர்ந்தவர். சாப்பல் ஹில்லில் ஆடினார், அங்கேயே சட்டம் படிக்கச் சேர்ந்தார், படித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய பழைய கோச் ஓய்வுபெற, 1977ல் ஆண்கள் அணி அவர் கைக்கு வந்தது. சட்டப் படிப்பு பாதியில் நின்றது. எங்கள் பக்கத்து அப்பா அம்மாக்களாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

1979ல் மாணவிகள் தங்கள் சாக்கர் கிளப்பை அதிகாரபூர்வ அணியாக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். விளையாட்டுத் துறை இயக்குநர் இவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நன்றாக ஆடுகிறார்கள் என்றார் இவர். அப்படியானால் நீயே பார்த்துக்கொள் என்று அந்த அணியும் இவர் தலையில் ஏறியது. ஆண்கள், பெண்கள் இரண்டு அணியும் 1988 வரை ஒரே ஆள். இடையில் 1986ல் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணியும் சேர்ந்தது. 1991ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையில் இறுதியாட்டத்தில் நார்வேயை 2-1 என்று வென்றது இவருடைய அணி. அதே ஆண்டு கல்லூரிக் கோப்பையும் சாப்பல் ஹில்லுக்குத்தான்.

கல்லூரிக் கணக்கைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் பெண்கள் சாக்கர் போட்டி 1982ல் வெறும் 12 அணிகளோடு தொடங்கியது. அந்த முதல் கோப்பையிலிருந்து 2012 வரை இவருடைய அணிக்கு 21 கோப்பைகள். அதில் 1986 முதல் 1994 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ச்சியாக. நடுவில் ஒருமுறை 92 ஆட்டங்களை விடாமல் வென்றார்கள். அமெரிக்க தேசிய அணியின் நட்சத்திரங்களான மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி, டோபின் ஹீத், கிரிஸ்டல் டன் எல்லாம் இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள்தான். இங்கிலாந்தின் லூசி பிரான்ஸ்கூட ஒரு சீசன் இங்கே ஆடினார்.

எப்படி வென்றார்? இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, மற்ற கல்லூரிகள் பெண்கள் அணி தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இவர் நாடு முழுக்க நல்ல ஆட்டக்காரிகளைத் தேடிப் போய்விட்டார். முந்திக்கொண்டவருக்குக் கிடைத்த லாபம் அது, இனி யாருக்கும் கிடைக்காது. இரண்டாவதுதான் சுவாரசியம். அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் டீன் ஸ்மித் தன் பயிற்சிகளில் நடக்கும் ஒவ்வொன்றையும் எழுதிவைக்கச் செய்வார். டோரன்ஸ் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டார். பயிற்சியில் யார் யாரோடு ஒற்றைக்கு ஒற்றை மோதினார்கள், யார் வென்றார்கள், ஓட்டத்தில் யார் முந்தினார்கள் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண், எல்லோரும் பார்க்கும்படி தரவரிசை. பெண்கள் தோழிகளோடு கடுமையாகப் போட்டியிடத் தயங்குவார்கள் என்று பொதுவாகச் சொல்லிவந்த காலத்தில், போட்டியிடுவதையே அன்றாடப் பாடமாக்கினார். இன்று பாதிக் கல்லூரிகள் ஏதோ ஒரு வடிவில் இதைச் செய்கின்றன. என் மகளும் லேப்டாப்பில் இந்த மாதிரி ஒரு பட்டியலை நிரப்பிக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் இவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. 1998ல் இரண்டு முன்னாள் வீராங்கனைகள் பாலியல் தொல்லை என்று இவர் மேல் வழக்குப் போட்டார்கள். தொல்லை தரவில்லை என்று மறுத்தார். ஆனால் வீராங்கனைகளின் அந்தரங்க வாழ்க்கை பற்றிய பேச்சில் தானும் கலந்துகொண்டது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். ஒரு வழக்கு 2004லும் மற்றது 2008லும் பணம் கொடுத்து சமரசமாக முடிந்தது. பதவி போகவில்லை. யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது, யாருக்கு ஸ்காலர்ஷிப் என்று பதினெட்டு வயதுப் பெண்ணின் நாலு வருஷத்தை முடிவுசெய்யும் அதிகாரம் இந்த நாற்காலிக்கு இருக்கிறது. உங்கள் அக்கா மகள் இதையும் தெரிந்துகொண்டுதான் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட வேண்டும்.

2024 ஆகஸ்டில், சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, டோரன்ஸ் ஓய்வை அறிவித்தார். இவரோடு பல வருஷம் துணையாக இருந்த டேமன் நஹாஸ் தற்காலிக ஹெட் கோச் ஆனார். டிசம்பரில் எங்கள் கேரி மைதானத்திலேயே இறுதியாட்டம், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தை 1-0 என்று வென்று கோப்பை. அதற்கப்புறம் 'தற்காலிகம்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் என்ன செய்வார்கள்!

சரி, இன்று தொடங்குகிற ஒருத்திக்கு டோரன்ஸின் வழி திறந்திருக்காது. பார்க்க வேண்டியது வேறு சிலரை. பெக்கி பர்லி கல்லூரி முடித்த கையோடு ஜார்ஜியாவில் பெர்ரி என்ற சின்னக் கல்லூரிக்கு ஹெட் கோச் ஆனவர். பெரிய பெயர் எதுவும் இல்லாத இடத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1995ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் புதிதாக அணி தொடங்கியபோது அங்கே போனார். நாலாவது சீசனிலேயே, 1998ல், இறுதியாட்டத்தில் டோரன்ஸின் அணியை 1-0 என்று சாய்த்தார். அப்போது அணியில் முதலாண்டு மாணவியாக இருந்தவர், பின்னால் அமெரிக்க தேசிய அணியின் நட்சத்திரமான ஏபி வாம்பாக். 2021ல் ஓய்வு பெறும்போது பர்லியின் கணக்கில் ஐந்நூறுக்கும் மேல் வெற்றிகள். மேற்கு வர்ஜீனியாவில் நிக்கி இஸ்ஸோ-பிரவுன் 1996ல் அணியைத் தொடங்கியவர், அந்த அணிக்கு வேறு ஹெட் கோச்சே இருந்ததில்லை. கனடா தேசிய அணியின் கடீஷா புக்கானன் அவரிடம் ஆடியவர்தான். இப்போதைய வழிக்கு உதாரணம் மார்கரீட் அவோசாசா. ஸ்டான்ஃபோர்டில் ஆண்டுக்கணக்கில் துணை கோச்சாக இருந்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு ஹெட் கோச்சாகப் போனார். முதல் சீசன், 2022. இறுதியாட்டத்தில் வட கரோலினாவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி, கடைசி நிமிடத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3-2. கேரியில்தான் நடந்தது. எங்கள் ஊர் சனம் பாதிப் பேர் வாயடைத்துப்போய் வீடு திரும்பினோம்.

இந்த உதாரணங்களில் பெண்களையே சொன்னேன் என்று கவனித்திருப்பீர்கள். காரணம் உண்டு. 1972ல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே கோச்சாக இருந்தார்கள். சட்டம் வந்து பணமும் மதிப்பும் சேர்ந்ததும் ஆண்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். இன்று பெண் கோச்சுகள் பாதிக்கும் குறைவு. பெண்களுக்காக வந்த சட்டத்தின் விளைவு இது. எனக்கு இது இன்னும் எரிச்சலைத்தான் தருகிறது.

அன்றாட வேலை எப்படி இருக்கும்? ஆட்டம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. அந்தக் காலத்திலும் ஒரு மாணவியை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் வைக்கக் கூடாது, ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்பது என்சிஏஏ விதி. கோச்சுக்கு அப்படி வரம்பு கிடையாது. சீசன் இல்லாத வாரக் கடைசிகளில் கிளப் போட்டிகள் நடக்கும் ஊர்களில் போய் நிற்க வேண்டும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் ஜூன் 15 வரை முதல் டிவிஷன் கோச் அந்தப் பிள்ளையிடம் நேரடியாகப் பேச முடியாது. அன்று நள்ளிரவு 12 அடித்ததும் போன்கள் பறக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்த ராத்திரி விளக்கு அணையவே இல்லை.

அப்படிப் பிடித்து வந்த பெண் ஒரு வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் பதிந்து வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். 2021 முதல் விளம்பரப் பணமும் வாங்கலாம். 2025ல் நீதிமன்ற ஒப்பந்தம் ஒன்று வந்ததும், அதை ஏற்ற கல்லூரிகளில் பழைய 14 ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்தது. பணம் உள்ள கல்லூரி 28 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம். இல்லாத கல்லூரியின் கோச் என்ன செய்வார் என்று நீங்களே யோசியுங்கள். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024 முதல் அட்லாண்டிக் கரை அணிகளோடு ஒரே லீகில் ஆடுகின்றன. அடிக்கடி விமானம், வழியில் வகுப்புத் தேர்வு, யாருக்கோ முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது, யாரோ ஒருத்தியின் அப்பா "என் பெண்ணை ஏன் இறக்கவில்லை" என்று அனுப்பும் நீளமான மெயில். இவ்வளவுக்கும் நடுவில்தான் சாக்கர்.

நிலைக்குமா என்பதற்கு என் மகள் கதையைச் சொல்கிறேன். அவள் முதலில் சேர்ந்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) ஹெட் கோச்சின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. புதிதாக வந்தவர் தன் ஆட்களோடு வந்தார். துணை கோச்சுகள் எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டில். மாலையும் தாலியும் போல ஹெட் கோச்சும் அவருடைய துணைகளும் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள். அவள் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் வேலை போனது போனதுதான். இப்போது இருப்பது மூன்றாம் டிவிஷன். விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாத பிரிவு. சம்பளம் குறைவு, வேன் ஓட்டுவதும் ஜெர்ஸி துவைப்பதும் அவள்தான், கோடையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கேம்ப் நடத்திக் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறாள். அவளுடைய அம்மா இன்னும் "எம்பிஏ படித்திருக்கலாம்" என்று மாதம் ஒருமுறை சொல்கிறாள். ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் ஹெட் கோச் அவளை முழுக்க நம்புகிறார், அதைப் பெரிய கல்லூரியில் இருபத்தாறு வயதில் யாரும் தர மாட்டார்கள்.

உங்கள் அக்கா மகளிடம் சொல்லுங்கள்: படிக்கும் கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் என்ற கோச்சிங் உரிமத்தை மாணவியாக இருக்கும்போதே எடுத்து, அப்புறம் சி, பி என்று ஏறட்டும். இப்போதிருக்கும் கோச்சிடம், கிளப் போட்டிகளுக்கு ஆள் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போங்கள் என்று கேட்கட்டும். மாஸ்டர்ஸ் படிப்புக் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்கும் கிராஜுவேட் அசிஸ்டன்ட் இடங்கள் சின்னக் கல்லூரிகளில் நிறைய உண்டு, அதுதான் வழக்கமான முதல் படி. சீசன் முடிந்து நவம்பர் கடைசியிலிருந்து காலியிடங்கள் வரிசையாக வரத் தொடங்கும், என்சிஏஏவின் வேலைப் பக்கத்திலேயே போடுவார்கள். ஜனவரிக்குள் நல்லவை நிரம்பிவிடும், அதனால் பரிந்துரைக் கடிதங்களை அக்டோபரிலேயே வாங்கி வைக்கட்டும்.