எல்லைக்கோட்டை வரைவது யார்? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் என் தங்கை, அங்கே சாதாரண மக்களே கையெழுத்து திரட்டி, தொகுதி வரையும் பொறுப்பைக் கட்சிகளிடமிருந்து பறித்துவிட்டதாகச் சொல்கிறாள். இங்கே வார்டு பிரித்தபோது எங்கள் தெருவின் இரு பக்கங்களும் வெவ்வேறு வார்டுகளுக்குப் போய்விட்டன. நாமும் அப்படிச் செய்ய முடியாதா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தங்கை சொல்வது உண்மைதான். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற கட்சியே தொகுதி எல்லைகளையும் வரைகிறது. அதன் விளைவு என்னவென்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு நூறு வாக்காளர்கள். மொத்தம் ஐந்நூறு பேரில் முந்நூறு பேர் ஒரு கட்சிக்கும் இருநூறு பேர் மற்றொரு கட்சிக்கும் வாக்களிப்பவர்கள். பெரிய கட்சியின் ஆதரவாளர்களை இரண்டு தொகுதிகளில் தொண்ணூறு தொண்ணூறாக அடைத்துவிட்டு, மீதி மூன்றில் நாற்பது நாற்பதாகச் சிதறவிட்டால், இருநூறு பேரின் கட்சி மூன்று இடங்களைப் பிடித்துவிடும். ஒரு கள்ள ஓட்டுகூட விழ வேண்டியதில்லை.

2016 நவம்பரில், மறுசுழற்சி சார்ந்த ஓர் அமைப்பில் பணியாற்றிய கேட்டி ஃபாஹே என்ற பெண், இதை மாற்ற விரும்புவோர் தம்முடன் சேரலாம் என்று முகநூலில் எழுதினார். அதிலிருந்து உருவான இயக்கம், கூலிக்கு ஆள் வைக்காமல், தன்னார்வலர்களைக் கொண்டே 4,25,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. 2018 நவம்பர் வாக்கெடுப்பில் சுமார் 61 விழுக்காட்டினர் ஆதரிக்க, மாநில அரசமைப்பே திருத்தப்பட்டது. இப்போது அங்கே எல்லை வரைவது 13 குடிமக்கள் கொண்ட ஆணையம்: இரு பெரிய கட்சிகளைச் சார்ந்தோர் நான்கு நான்கு பேர், எக்கட்சியையும் சாராதோர் ஐந்து பேர், விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்வு. இவர்கள் வரைந்ததும் குறையற்றதாக இல்லை. டெட்ராய்ட் பகுதியின் 13 தொகுதிகள் இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று 2023 டிசம்பரில் நீதிமன்றம் ரத்து செய்து, மீண்டும் வரையச் சொன்னது.

நம் அரசமைப்பில் மக்கள் கையெழுத்திட்டுச் சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் வழி கிடையாது. ஆனால் மிச்சிகன் மக்கள் போராடிப் பெற்றதில் ஒரு பாதி நமக்கு ஏற்கெனவே உண்டு. மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளை வரைவது உச்ச நீதிமன்ற நீதிபதி அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான மறுவரையறை ஆணையம், எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக அமரலாமே தவிர வாக்களிக்க முடியாது. நமக்குக் குறைவாக இருப்பது பொதுமக்களின் பங்கேற்பு. 2002-ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டப்படி வரைவு வெளியிடப்பட்டு, ஆட்சேபணைகள் பெறப்பட்டு, பொது அமர்வுகள் நடத்தப்பட வேண்டும். அந்த அமர்வுகளுக்குக் கட்சிக்காரர்கள் கோப்புகளோடு வருவார்கள்; தெருக்காரர்கள் வருவது அபூர்வம்.

வார்டுகளுக்கும் வரைவு, ஆட்சேபணை என்ற அதே வரிசைதான். ஆனால் அவகாசம் குறைவு என்பதால், வரைவு வந்த பிறகு தயாராவது உதவாது. இப்போதே உங்கள் குடியிருப்போர் சங்கம் வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாக எடுத்து, எந்தத் தெரு எந்தப் பாகத்தில் வருகிறது, எத்தனை வாக்காளர்கள் என்பதை வரைபடத்தில் குறித்து வைக்கட்டும். ஆட்சேபணையில் ‘எங்களுக்கு அநீதி’ என்று மட்டும் எழுதினால் அது கோப்போடு சரி. எந்தத் தெருவை எங்கே சேர்க்க வேண்டும், சேர்த்தால் இரு வார்டுகளின் மக்கள்தொகையும் எவ்வளவாக மாறும் என்று மாற்று எல்லையையே வரைந்து கொடுங்கள். கெடிலம் ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள தெருக்களை ஒரே வார்டில் சேர்த்திருந்தால், பாலம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டினாலே பாதி வாதம் முடிந்துவிடும். பக்கத்து வார்டுக்காரர்களையும் கையெழுத்திட வையுங்கள். உங்கள் தெருவைத் திருத்தினால் அவர்கள் எல்லையும் நகரும், அவர்கள் எதிர்த்து மனுப் போட்டால் இரண்டும் அடிபட்டுப் போகும்.

கேள்வி: முன்பு மாஹே பகுதிக்கு இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன, இப்போது ஒன்றுதான். காரைக்காலிலும் ஒன்று குறைந்தது. இதுவும் அந்த வகை மோசடிதானா?
– ஒரு வாசகர், பாகூர், புதுச்சேரி

பதில்: அப்படிச் சொல்ல இடமில்லை. மொத்தத் தொகுதிகள் முப்பதாகவே இருக்க, 2001 மக்கள்தொகையைக் கொண்டு பங்கிட்டபோது புதுச்சேரிப் பகுதி 21-லிருந்து 23 ஆனது. காரைக்கால் ஆறிலிருந்து ஐந்தாகவும், மாஹே இரண்டிலிருந்து ஒன்றாகவும் குறைந்தன. ஏனாமுக்கு முன்போலவே ஒன்று. ஆளுக்கொரு வாக்கு, வாக்குக்குச் சம மதிப்பு என்பதன் விலை அது. கேரளத்தால் சூழப்பட்ட மாஹேயின் குரல் புதுச்சேரிப் பேரவையில் மெலிந்துபோனது என்ற வருத்தம் நியாயமானதே. ஆனால் அது வேறு வழக்கு.

கேள்வி: எல்லை அறிவிக்கப்பட்ட பிறகு நீதிமன்றம் போகலாமா?
– ஒரு மாணவர், சிதம்பரம்

பதில்: அரசமைப்பின் 329-ஆவது பிரிவு அந்தக் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. மறுவரையறை ஆணை அரசிதழில் வந்துவிட்டால் அது சட்டத்துக்கு நிகர் என்று உச்ச நீதிமன்றமே 1966-இல் கூறியிருக்கிறது. நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டாலும் அங்கே திருத்த முடியாது. ஆணை வெளிப்படையாகவே தன்னிச்சையானதாகவும் அரசமைப்பின் விழுமியங்களுக்கு முரணானதாகவும் இருந்தால் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 2024-இல் ஒரு தீர்ப்பு வந்தது. அந்தச் சிறு இடைவெளியில் நுழைய விரும்புவோர், வரைவு நிலையிலேயே ஆட்சேபணை தந்ததற்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.