இரண்டு இதழ் வால்வும் விரியும் மகாதமனியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வயது 34. எக்கோவில் (இதய ஸ்கேன்) 'பைகஸ்பிட் வால்வு' என்றும், மகாதமனியில் 4.3 செ.மீ. வீக்கம் என்றும் வந்திருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு இல்லை. வீக்கம் வற்ற மாத்திரை உண்டா? (பாலக்கோடு)

பதில்: இல்லை. கால் சுளுக்கினாலும் வீக்கம், குழாய் விரிந்தாலும் வீக்கம் என்று ஒரே சொல்லைப் புழங்குவதால் வரும் குழப்பம் இது. மகாதமனி என்பது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாய். அதன் வாசலிலுள்ள வால்வுக்கு மூன்று இதழ்கள். நூற்றில் ஒருவர் இருவருக்குக் கருவிலேயே இரண்டு இதழ்கள் ஒட்டிவிடும். இதுதான் பைகஸ்பிட், அதாவது இரண்டு இதழ் வால்வு. ரத்தம் நேராகப் போகாமல் சாய்வாகப் பீய்ச்சி, சுவரின் ஒரு பக்கத்திலேயே அடிக்கும். பரம்பரைப் பலவீனமும் சேர்ந்துகொள்ள, சுவர் விரியும்.

சுவரைத் தாங்குவது நடு அடுக்கிலுள்ள தசைச் செல்கள். விரிந்த தமனிகளை ஆராய்ந்தபோது, பல செல்களில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) மந்தமாகி, சர்க்கரையை அரைகுறையாக எரித்து ஒப்பேற்றுவது தெரிந்தது. அப்படி மாறிய செல் சுருங்கும் வேலையை விட்டுவிடும். சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் நாரை அரிக்கும் எம்.எம்.பி. நொதிகளையும் சுரக்கும். மூன்று இதழ்காரர்களின் விரிந்த தமனியில் வெள்ளணுக்கள் புகுந்து அழற்சி கூடுதலாக இருக்கும். இரண்டு இதழ்காரர்களுக்கு அது பொதுவாகக் குறைவு. நார் நைந்துபோவதே பெரிது. எனவே டைக்ளோஃபெனாக் போன்ற வலி, அழற்சி மாத்திரை போட்டால் விரிவு குறையாது, பிரஷர்தான் ஏறும். பிரஷரை 130/80க்குக் கீழே வையுங்கள், பீடி சிகரெட்டை விடுங்கள்.

கேள்வி: போன வருஷம் 4.1, இப்போது 4.3. வளர்கிறதா? (ஊத்தங்கரை)

பதில்: 2 மி.மீ. வித்தியாசம் அளப்பதிலேயே வந்துவிடும். எக்கோவில் சுவரையும் சேர்த்து, சி.டி.யில் உள்விட்டத்தை மட்டும் அளப்பது வழக்கம். இரண்டையும் ஒப்பிட்டால் பொய்யாக வளரும். படத்தில் குழாயின் குறுக்கே நேராக அளக்காமல் சாய்வாக அளந்தாலும் அளவு கூடித் தெரியும். பழைய படத்தையும் கொடுத்து, அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஒரே வருஷத்தில் 5 மி.மீ., அல்லது அடுத்தடுத்து இரண்டு வருஷம் 3 மி.மீ. வீதம் கூடினால் அது நிஜ வளர்ச்சி. 5.5 செ.மீ.யில் ஆபரேஷன், குடும்பத்தில் யாருக்காவது தமனி கிழிந்திருந்தால் 5-லேயே யோசிப்பார்கள். வால்வுக்காக எப்படியும் நெஞ்சைத் திறக்கிறார்கள் என்றால் 4.5-லேயே தமனியையும் மாற்றலாம்.

கேள்வி: எனக்கும் தமனி விரிந்திருக்கிறது. கிரானைட் பட்டறையில் கல் தூக்குகிறேன். தூக்கலாமா? (பர்கூர்)

பதில்: மூச்சை அடக்கி, முக்கித் தூக்கும் அந்த நொடியில் பிரஷர் எக்கச்சக்கமாக எகிறும். தமனி விரிந்தவர் அதைச் செய்யக் கூடாது. பேசிக்கொண்டே தூக்க முடியாத எடை உங்களுக்கு அதிகம். மெஷின் பக்கம் வேலை மாற்றிக் கேளுங்கள். நடை நல்லது.

கேள்வி: தர்மபுரித் தண்ணீரால் பல் கறை. இது வால்வைக் கெடுக்குமா? (பென்னாகரம்)

பதில்: ஃபுளோரைடு கறை கிருமி அல்ல. ஈறு சீழும் சொத்தையும்தான் ஆபத்து. அதிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கி, வால்வில் ஒட்டும். செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் போட வேண்டும் (பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து). இரண்டு இதழ் மட்டும் என்றால் தேவையில்லை.

கேள்வி: பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா? (ஓசூர்)

பதில்: ஆம். பெற்றோர், கூடப்பிறந்தவர்களுக்கும் ஒருமுறை எக்கோ.

கேள்வி: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பதில்: திடீரென நெஞ்சிலோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ கிழிப்பதுபோல் வலித்தால் உடனே 108. வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். மாரடைப்பு என்று நினைத்து ஆஸ்பிரினும் போட்டுவிடாதீர்கள். கிழிந்த தமனியில் ரத்தம் கூடுதலாகக் கசியும். பழைய எக்கோ ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்து வைத்திருந்து, வண்டியில் ஏறியதும் "மகாதமனி விரிந்திருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள்.