ஏலியன்: இருட்டும் மணலும்

வணக்கம்.

'ஏலியன்' படத்தின் 4கே டிஸ்க்கை வாங்கிப் பார்த்தேன். பாதி இடங்களில் ஒன்றும் தெரியவில்லை. பிரைட்னஸை ஏற்றினால் படம் வெளிறிவிடுகிறது. முகங்களில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் நெளிகின்றன. பழைய ப்ளூ-ரேயே போதுமோ? இன்னொன்று, டிஸ்க்கில் தியேட்டர் வடிவம், இயக்குநர் வடிவம் என இரண்டு இருக்கின்றன. என் மனைவி இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. எதைப் போடுவது?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

டிஸ்க் நல்ல டிஸ்க்தான். படத்தின் 40ஆம் ஆண்டை ஒட்டி 2019இல், மூல நெகட்டிவையே 4கே-யில் ஸ்கேன் செய்து வெளியிட்டது. பழையதற்குத் திரும்ப வேண்டாம். சரிசெய்ய வேண்டியது டிவியை.

முதலில் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே கூடுதல் படிநிலைகளைக் காட்டும் முறை) உண்மையில் ஓடுகிறதா பாருங்கள். டிஸ்க் தொடங்கும்போது திரை மூலையிலோ பட மெனுவிலோ அது காட்டும். காட்டாவிட்டால், பிளேயரைச் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டின் முழு வேகம் டிவி மெனுவில் அணைந்திருக்கலாம். 'டீப் கலர்' என்றோ 'என்ஹான்ஸ்டு' என்றோ கம்பெனிக்கு ஒரு பெயரில் அந்த செட்டிங் ஒளிந்திருக்கும். கேபிளும் நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்குவதாக இருக்க வேண்டும்.

அடுத்து பிளாக் லெவல், அதாவது டிவி எதைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது என்பது. பிளேயர் 'லிமிடெட்' அனுப்ப, டிவி 'ஃபுல்' என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகும். தலைகீழாக இருந்தால் நிழலில் உள்ளதெல்லாம் கரிக்கட்டையாகிவிடும். இரண்டையும் 'லிமிடெட்'டில் வையுங்கள். பிரைட்னஸைத் தொடாதீர்கள். பல டிவிகளில் அது வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, கறுப்பைத் தூக்குகிறது, வெளிறியது அதனால்தான். கூட்ட வேண்டியது பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை. சினிமா மோடு அல்லது ஃபிலிம்மேக்கர் மோடு, மின்சேமிப்பும் அறை வெளிச்ச சென்சாரும் ஆஃப். டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். இந்தப் படத்துக்கு அதைவிடப் பெரிய செட்டிங் கிடையாது.

இனி வரும் பத்தியை உங்கள் மனைவி படிக்க வேண்டாம். செட்டிங் சரிதானா என்று பார்க்கக் கடைசிப் பகுதியே போதும். தப்பிக்கும் விண்ஓடத்தில் நாயகி ரிப்ளி தனியாக இருக்கிறாள். சுவரில் குழாய்கள், அவற்றுக்கிடையே இன்னொரு குழாய்போல அந்தப் பிராணியின் தலை. கை வெளியே வந்து விழும்வரை அது தலை என்று நமக்குத் தெரியக் கூடாது. ஓவியர் கீகர் அந்த உடலை எலும்பும் இயந்திரக் குழாயும் கலந்ததாக வடிவமைத்ததன் பலன் முழுக்க அந்த ஒரு ஷாட்டில் கிடைக்கிறது. நிழலைத் தூக்கிக் காட்டும் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே உங்களுக்கு 'ஒன்றும் தெரியாத' இடங்களில் சில, தெரியாமல் இருக்கவே எடுக்கப்பட்டவை. ஆனால் குழாய்களே தெரியாவிட்டால் அது டிவியின் குறை.

மணல் என்கிறீர்களே, அது ஃபிலிமின் கிரெய்ன், ஃபிலிமிலேயே இருக்கும் துகள்கள். டிஜிட்டல் குறை (நாய்ஸ்) என்று நினைத்து 'நாய்ஸ் ரிடக்ஷன்' போட்டால் கிரெய்னோடு தோலின் துளைகளும் வியர்வையும் போய், முகம் மெழுகாகிவிடும். அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸ் அதிகமிருந்தாலும் புள்ளிகள் பெருத்துத் தெரியும். பூஜ்யத்துக்கோ, அந்த டிவியில் எதுவும் சேர்க்காத அளவுக்கோ இறக்குங்கள். ஆரம்பத்தில் விண்கலப் பணியாளர் கேன் உறக்கத்திலிருந்து எழும்போது ஒரு ஷாட் இன்னொன்றில் கரையுமே, அந்த மாதிரி இடங்களில் கிரெய்ன் திடீரென்று கூடினால் பதற வேண்டாம். அந்தக் காலத்தில் டிசால்வ் செய்ய ஃபிலிமை மறுபடி இன்னொரு ஃபிலிமில் படமெடுக்க வேண்டும். பிரதிக்குப் பிரதி கிரெய்ன் ஏறும்.

4கே-யின் விலையையும் சொல்லிவிடுகிறேன். ஆஷ் என்ற பாத்திரத்தின் துண்டான தலை ரப்பர் என்று பளிச்சென்று தெரியும். அடுத்த ஷாட்டில் மேஜைக்கு மேலே நீட்டியிருக்கும், ஆஷாக நடித்த இயன் ஹோமின் நிஜத் தலைக்கு மாறும் இடத்தை மறைக்கவே முடியாது. முட்டை அறையில் நீல லேசர் படலத்துக்குக் கீழே பனி நகரும் காட்சி நேர்மாறு. ஸ்ட்ரீமிங்கில் அது பட்டை பட்டையாக உடையும், டிஸ்க்கில் வழுவழுவென்று நிற்கிறது. அந்த லேசர், ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் பக்கத்திலிருந்த 'தி ஹூ' ராக் குழுவிடம் இரவல் வாங்கியது.

வடிவம்? சந்தேகமே இல்லாமல் 1979 தியேட்டர் வடிவம். பெயரைப் பார்த்து 2003இன் இயக்குநர் வடிவம் நீளமானது என்று நினைக்கிறார்கள். சுமார் நாலு நிமிடம் சேர்த்து ஐந்து நிமிடம் நறுக்கியதில், அது ஒரு நிமிடம் சின்னதுதான். சேர்ந்ததில் முக்கியமானது, ரிப்ளி ஓடும் ஓட்டத்தின் நடுவே பிராணியின் கூட்டுக்குள் சிக்கிய கேப்டன் டாலஸைக் காணும் காட்சி. தனியாகப் பார்த்தால் குலைநடுங்கும். ஆனால் அங்கே ஓட்டம் நின்றுவிடுகிறது. தவிர, மனித உடலே முட்டையாக மாறுவதாக அது காட்டுவது, 1986இல் வந்த அடுத்த பாகத்தில் முட்டையிடும் ராணிப் பிராணியோடு ஒட்டாது. மனைவியோடு தியேட்டர் வடிவத்தைப் பாருங்கள். இயக்குநர் வடிவத்தை அப்புறம் நீங்கள் தனியே பார்த்துக்கொள்ளலாம்.

ஒலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் ஒரே நேரத்தில் முணுமுணுப்பார்கள். தனி ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் இருந்தால், வசனம் வரும் சென்டர் சேனலை 2 டெசிபல் ஏற்றுங்கள். டிவி ஸ்பீக்கர்தான் என்றால் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள்.